எப்படி வெட்டினால் மரம் சாகும்

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களைக்கூட வட்டமாக உட்கார வைத்து, கையில் ஆளுக்கொரு படத்தைக் கொடுத்து, "இதைப் பார்த்தால் என்ன தோணுது?" என்று கேட்பதைப் போன்ற அசிங்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த அசிங்கத்தை ஏற்பாடு செய்தவளும் நான்தான். நாற்காலி போட்டேன், கறிபாப் பலகாரம் வரவழைத்தேன், மொழிபெயர்த்தேன். அதனால் குமுதாவின் கதையை என்னை விட்டுவிட்டுச் சொல்ல வழியில்லை. என் பெயர் சுபாஜினி. ஈப்போவுக்கு வெளியே இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவு அதிகாரி.

குமுதாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் அங்கேயே வேலைக்குப் போனவள். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து, இப்போது அங்கே காவலாளி வைத்த வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அதைப் பற்றி அவள் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "மழ பேஞ்சா கக்கூஸ் தண்ணி வாசலுக்கு வந்துரும் மிஸ். அந்த லயத்துக்கு யாரு அழுவா?" என்றாள்.

தோட்டம் போனபின் மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிவந்து, எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். பதினான்கு வருடமாக அங்கேயே இருக்கிறாள். ஒரு காலத்தில் மரத்திலிருந்து பால் எடுத்தவள் இன்று அதே பாலில் செய்த கையுறையைப் பெட்டியில் அடுக்குகிறாள் என்று பேச்சுவாக்கில் நான் சொல்லப்போய், பட்டறை நடத்த வந்த ஆரணன் கண் கலங்கிவிட்டான். "எவ்வளவு அழகான வட்டம், அக்கா" என்றான். வட்டமாம். அவளுக்கு அது வயிற்றுப்பாடு.

அவள் கணவர் மாயாண்டி லாரியில் மூட்டை ஏற்றி இறக்கிய மனிதர். சர்க்கரை வியாதி இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், பிற்பகல் மூன்று மணிக்கு ஈப்போவில் ஒரு தர்ம நிலையத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். குமுதாவுக்குக் காலை ஷிப்ட். இரண்டரைக்கு வெளியே வந்து, வீட்டுக்குப் போய், அவரை மோட்டோவில் உட்கார வைத்து மூன்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். திரும்பும்போது அவருக்கு உடம்பில் தெம்பே இருக்காது. பழைய கைலி ஒன்றால் அவர் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுவாள். ஒரே மகள் ஜொகூரில் வேலை செய்கிறாள். நிலையத்தில் வேறு நேரம் கிடையாது. அந்த மூன்று மணிக்கே பெயர் எழுதி எட்டு மாதம் காத்திருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் நிர்வாகம் ஷிப்டை மாற்ற முடிவு செய்தது. எட்டு மணி நேரம் பன்னிரண்டாகும். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, தொடர்ந்து நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. முடிவு எடுத்து, கையெழுத்துப் போட்டு, தேதியும் குறித்தாகிவிட்டது. அதன் பிறகுதான் மேனேஜர் மகேந்திரனுக்குத் தொழிலாளர்களின் மனதைக் கேட்க வேண்டும் என்று ஞானோதயம் வந்தது.

"நேரடியா கேட்டா சண்டைதான் வரும், சுபா. படம் காட்டிக் கேட்டா மனசு திறக்கும். உருவகத்துல பேசுனா யாருக்கும் கோவம் வராது" என்றார். இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஆரணன். கோலாலம்பூரில் இருந்து வந்தான், தமிழ் அரைகுறை. அவன் அம்மா ஈப்போ. என் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள். காலுறை போடாத காலில் விலை உயர்ந்த சப்பாத்து, கையில் அறுபது படங்கள் கொண்ட சீட்டுக்கட்டு, மணிக்குப் பதிலாகத் தட்டுவதற்கு ஒரு வெண்கலக் கிண்ணம்.

கேண்டீனில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். படங்களைத் தரையில் பரப்பினான். பனிமலை, கலங்கரை விளக்கம், பூட்டிய கதவு, கயிற்றுப் பாலம், பென்குயின் கூட்டம். உங்கள் வேலையைச் சொல்லும் படத்தை எடுங்கள் என்றான். பேக்கிங்கில் குமுதாவுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஷாமினி பென்குயினை எடுத்தாள். அவளுக்கு முப்பது வயது, தனியாக ஒரு பெண் குழந்தையை வளர்க்கிறாள், வாய் கொஞ்சம் அதிகம்.

"இதுங்களும் ஒரே யூனிபோர்ம் போட்டுக்கிட்டு குளிர்ல நிக்குதுங்க. எதுக்கு நிக்கிறோம்னு ஒன்னுக்கும் தெரியாதுலா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆரணன் "ஒற்றுமை" என்று மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினான். இவன் காதில் என்னதான் விழுகிறது என்று நினைத்தேன். ஆனால் சம்பளம் வாங்குகிறவள் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து, சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மரம் வரைந்த தாளைத் தொங்கவிட்டான். "இந்த மரம்தான் நம்ம கம்பெனி. இதுல நீங்க யாரு? வேரா, இலையா, பூவா?" ஒவ்வொருத்தியாக எழுந்து வேர் என்றார்கள், இலை என்றார்கள். ஒருத்தி பழம் என்றாள். குமுதாவின் முறை வந்தது. அவள் எழுந்து மரத்தின் அருகே போய், கையை அதன் அடிப்பகுதியில் வைத்தாள்.

"நான் வேரும் இல்ல, எலையும் இல்ல. நான் மரம் வெட்டுறவ. பதினாறு வயசுலருந்து வெட்டுனேன். எப்படி வெட்டுனா மரம் செத்துரும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

பின்னால் வட்டத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் தலையாட்டினார்கள். அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆளுக்கு ஒரு நிமிடம்தான். ஆரணன் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். அவள் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாக வந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க, அக்கா?" என்று ஆரணன் என்னிடம் குனிந்தான். மகேந்திரனும் பக்கத்தில்தான் இருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்த மரத்தை வெட்டிச் சாய்ப்பேன் என்கிறாள், எப்படிச் சாகடிப்பது என்று தனக்குத் தெரியும் என்கிறாள், மற்றவர்களும் அதற்கு உடன்படுகிறார்கள். மூன்று பேரின் தலையாட்டலையும் விடாமல் மொழிபெயர்த்தேன் பாருங்கள், அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஆரணன் முகம் வெளுத்தது. மகேந்திரன் என்னை ஒரு கணம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆரணனின் அறிக்கை வந்தது. ஒரு தொழிலாளி நிறுவனத்தை அழிக்கும் எண்ணத்தை வெளிப்படையாகச் சொன்னார், அவருக்குப் பின்னால் ஒரு குழு இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. நாசவேலை மிரட்டலுக்காக உன்னை ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று கேட்டுக் குமுதாவுக்குக் கடிதம் அடித்தேன். இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும்.

அவள் கடிதத்தை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"மிஸ், என்னா தப்பு பண்ணேன்? ஷாமினி படிச்சுச் சொன்னா. நான் கம்பெனிய அழிக்கப் போறேன்னு போட்டிருக்காம்."

"நீங்கதானே அக்கா சொன்னீங்க, மரத்த வெட்டுவேன்னு?"

"ஆமா, வெட்டுனவதானே? பால் மரம் வெட்டுனேன். அத எப்படிச் சொல்றது வேற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தாத்தா யாழ்ப்பாணத்தில் இருந்து ரயில்வே எழுத்தர் வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் மரம் வெட்டுவது என்றால் கோடாலி. பள்ளிப் புத்தகத்தில் ரப்பர் மரத்தைச் சீவுவது என்று படித்தேன். தோட்டத்தில் பிறந்தவர்கள் அதைத்தான் வெட்டு என்கிறார்கள். பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் இறக்குவதுதான் வெட்டு. இந்த ஊரிலேயே பிறந்து நாற்பத்தாறு வருடம் வாழ்ந்தும் எனக்கு இது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை என்பதுதான் உண்மை.

"அன்னைக்கு இன்னும் என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டேன்.

அவள் என் மேசை விளிம்பில் விரலை வைத்துச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். "பட்டைய மட்டும்தான் தொடணும் மிஸ். கத்தி உள்ள போயி மரத்துல பட்டா காயம். காயம் பட்ட எடத்துல பட்டை சரியா வளராது, முண்டு முண்டா நிக்கும். கங்காணி மண்டோர் பாத்தா கிழி கிழின்னு கிழிப்பாரு. அப்புறம், ஒரு நாள் வெட்டுனா மறுநாள் விட்டுரணும். பால் நெறைய வருதேன்னு தினமும் வெட்டுனா, மொதல்ல தண்ணியா வரும், அப்புறம் ஒரேயடியா நின்னுரும். மரம் நிக்கும். ஆனா செத்த மரம்."

விரலை எடுத்துவிட்டு, "அந்தத் தம்பி கம்பெனிதான் மரம்னு சொன்னாரு. இல்லலா. நாங்கதான் மரம். அததான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள டொங்குனு தட்டிட்டாரு" என்றாள்.

அறுபது படங்களோடு கோலாலம்பூரில் இருந்து வந்தவனுக்கு ஒரு ஆயுளில் கிடைக்காத பேச்சு அது. அதைத்தான் நான் கோடாலியாக்கிக் கடிதம் அடித்திருந்தேன்.

"மிஸ், வேல போனா போவுது. ஆனா மூணு மணிய மட்டும் யாராச்சும் யோசிங்க. ஏழு மணி வரைக்கும் நான் இங்க நின்னா அவர யாரு கூட்டிட்டுப் போறது? ரொம்ப சுசாவா, கஷ்டமா இருக்கு" என்றாள். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

மகேந்திரனிடம் ஓடினேன். மொழிபெயர்ப்பில் தவறு என்னுடையது, கடிதத்தை உடனே திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தெரியும் சுபா. எங்கம்மா கோப்பெங் பக்கம் இருபது வருஷம் வெட்டுனவங்க. குமுதா வாயத் தொறந்தப்பவே எனக்குப் புரிஞ்சுச்சு."

"அப்ப ஏன் சார் பேசாம இருந்தீங்க?"

"நீங்க சொல்லிட்டீங்க. எல்லார் முன்னாடியும் எதுக்கு உங்களத் திருத்தணும்? அதோட, அந்த நேரத்துல நாலு பேரு கொஞ்சம் பயப்படட்டுமேன்னு விட்டுட்டேன்."

அம்மாவின் கத்தியில் படித்து ஆளான மனிதர் அவர். அந்த வாயால் இதை எப்படிச் சொல்ல முடிந்தது? அருவருப்பில் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் நான் எழுந்து போய்விடவில்லை. உட்கார்ந்து, குமுதா சொன்ன முழுவதையும் ஒரு வரி விடாமல் அவருக்குச் சொன்னேன். சொன்னால் மனம் மாறும் என்று நம்பினேன். மாறத்தான் செய்தது.

"ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் ஓய்வு" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுபா, இதுதானே நம்ம புது ஷிப்ட்! நாலு நாள் வெட்டு, ரெண்டு நாள் ஓய்வு. தோட்டத்து ஆளுங்களுக்கு இதவிட நல்லா எப்படிச் சொல்ல முடியும்?"

அன்று மாலையே ஆரணனைத் தொலைபேசியில் பிடித்தார். ஆரணன் துள்ளினான். குழுவுக்குள்ளிருந்தே ஒரு உருவகம் பிறந்திருக்கிறது, மாற்றத்துக்கு அதுதான் சாவி என்றான். குமுதாவை வைத்து ஒரு காணொளி எடுக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியாது என்று சொல்ல அவள் தேடிப் பிடித்த பேச்சு, பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சொல்லும் விளம்பரமாகிவிட்டது.

இனி சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். குமுதா காணொளியில் பேசினால், அவளுக்கு மட்டும் பழைய காலை ஷிப்டை விட்டுவைக்கலாம் என்ற யோசனை மகேந்திரனுடையது அல்ல. என்னுடையது. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். "அருமை சுபா. கடிதத்தையும் கிழிச்சுப் போட்டுரலாம்" என்றார் அவர்.

குமுதாவிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"செவ்வாய், வியாழன், சனி, மூணு நாளும் ரெண்டரைக்கு விட்டுருவீங்களா?"

"விட்டுருவோம்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன்.

கோப்பெங் போகும் சாலையோரம் கைவிடப்பட்ட கொஞ்சம் கிழட்டு ரப்பர் மரங்களைக் கண்டுபிடித்தோம். காலை பதினோரு மணிக்குப் படப்பிடிப்பு. குமுதாவுக்குப் புதுச் சட்டை, தலையில் துண்டு, கையில் எங்கிருந்தோ வாங்கிவந்த பால்கத்தி. மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இந்த வெயில்ல பால் எங்க வரும்? விடியக்காலையில வெட்டுறதுலா." கேமராக்காரர் யோசிக்கவே இல்லை. டின்பாலைத் திறந்து வெட்டிய இடத்தின் மேல் ஊற்றினார், கீழே மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் அரைக்கால் வாசி நிரப்பினார். ஐந்து நிமிடத்தில் எறும்பு மொய்த்தது. எறும்பைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு எடுத்தோம்.

அவள் சொல்ல வேண்டிய வசனத்தை எழுதியவன் ஆரணன், தமிழாக்கியவள் நான். "மரத்த வெட்டுனா ஓய்வு குடுக்கணும். எங்க கம்பெனி ரெண்டு நாள் ஓய்வு குடுக்குது. காயம் இல்லாம வெட்டுது." மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் திக்காமல், பிசகாமல் சொன்னாள். மூன்றாவது முறை முடிந்ததும் கேமராவைப் பார்த்தே மணி என்ன என்று கேட்டாள்.

காணொளியைக் கேண்டீன் திரையில் போட்டார்கள். பேக்கிங் பிரிவே உட்கார்ந்து பார்த்தது. டின்பால் பளபளவென்று வழிந்தது. முடிந்ததும் மகேந்திரன் கைதட்டினார், சிலர் தட்டினார்கள். பட்டறையில் தலையாட்டிய அந்த மூன்று பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாமினி எழுந்தாள்.

"அக்கா, நல்லா பேசுனீங்க. ஒங்களுக்கு எந்த ஷிப்ட்டு?"

குமுதா திரையைப் பார்த்தாள். பிறகு, "காலைதான்" என்றாள்.

"பழைய காலையா, புதுக் காலையா?"

"பழசு."

ஷாமினி உட்கார்ந்துவிட்டாள். அவள் குழந்தை இருக்கும் தாடிகா என்ற பாலர் பள்ளியை மாலை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள். ஏழு மணி வரை இவள் பேக்கிங் மேசையில் நின்றால் அந்தப் பிள்ளை யார் வீட்டு வாசலில் நிற்பது? அந்த வாரமே எல்லோரும் புது ஷிப்டுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். தோட்டத்து அக்காவே சொல்லிவிட்டாள், இனி என்ன இருக்கிறது என்று போட்டார்கள். குமுதாவோடு சாப்பிட உட்கார ஆளில்லை. அவள் பெட்டி அடுக்கும் இடத்தில் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஆரணன் இப்போது வேறு தொழிற்சாலைகளில் எங்கள் காணொளியைப் போட்டுக் காட்டி, ஒரு குழு தன் மொழியிலேயே தன்னை மாற்றிக்கொண்ட கதை என்று பேசுகிறானாம்.

புது ஷிப்ட் தொடங்கி ஏழு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை இரண்டரை தாண்டியதும் குமுதா என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய பொமலோ பழம். தம்பூன் சாலைக் கடையில் வாங்கினாளாம்.

"அவரு நல்லா இருக்காரு மிஸ். ஒரு நாள் கூடத் தவறல. நீங்க மட்டும் இல்லன்னா என்னா ஆயிருப்போம்னு தெரியாது. அவருதான் குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்று மேசை மேல் வைத்தாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போகாமல் கதவருகே தயங்கி நின்றாள். "மிஸ், ஒன்னு கேக்கலாமா? இப்ப ஷிப்ட் வேறயா போச்சா, என்னையும் வேற லைனுக்கு மாத்திட்டாங்களா, ஷாமினியப் பாக்கவே முடியல. என்மேல கோவம் அவளுக்கு, இருக்கட்டும். பிள்ளைய வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுதுலா அது. அவளையும் ஒரு வீடியோ எடுங்களேன். நல்லா பேசுவா. என்ன சொல்லணும்னு நானே சொல்லித் தாரேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். ஷாமினி வேலையை விட்டு அன்றோடு ஒன்பது நாள். ராஜினாமாக் கடிதத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கியது, பொமலோ இருந்த அதே மேசையில்தான்.